டீசல் கட்சி, பெட்ரோல் கட்சி

டேங்கர் அக்காவின் லாரி பட்டப்பகலில், நாலு ரோடு கூடும் இடத்தில், வயிறு நிறைய ஊரார் கழிவைச் சுமந்துகொண்டு உயிரை விட்டது. செத்ததுதான் செத்தது, ஒரு ஓரமாகப் போய்ச் செத்திருக்கலாம். அந்த நாகரிகம் அதற்கு என்றைக்குமே இருந்ததில்லை.

செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் அந்தப் பெரிய லாரி அவளுடையது. ஓட்டுவதும் அவள்தான். பக்கத்து சீட்டில் ஜமீன்தார் மாதிரி சாய்ந்து வருவதும், இறங்கியதும் குழாயை மாட்டி பம்ப் போடுவதும் புருஷன் வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து இதே ஏற்பாடு. லாரி கல்யாணத்துக்கும் முந்தியது.

கட்டி இழுத்துப் பட்டறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"இன்ஜின் பிளாக்கே விரிஞ்சு போச்சுக்கா. இனிமே இது கப்பலுக்கு நங்கூரமா வேணா ஆகும்."

"வேற இன்ஜின் இருக்கா?"

"ரெண்டு இருக்கு. பழசுதான், ஆனா நல்லா ஓடுது. ஒண்ணு டீசல், இன்னொண்ணு பெட்ரோல். எது வேணும்னாலும் உங்க லாரில உக்கார வெச்சுடலாம்."

வீடு இரண்டு கட்சியானது. புருஷன் டீசல். அவள் தம்பி, டாக்சி ஓட்டுகிறவன், பெட்ரோல்.

"லோடு இழுக்கணும்னா டீசல்தான். மெதுவா போனாலும் மூச்சு வாங்காது. பெட்ரோல் எல்லாம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத்தான் லாயக்கு" என்றார் புருஷன்.

"மாமா, குளிர்ல அந்த டீசலைக் கிளப்புறதுக்குள்ள பொழுது விடிஞ்சு சாயங்காலம் ஆயிடும்" என்றான் தம்பி. "டீசல் அடிக்கிற பம்ப், நாசில்னு ஒண்ணு கெட்டா போதும், சொத்தை எழுதிக் கொடுக்கணும். பெட்ரோல் இன்ஜினைச் சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தா நானே பாப்பேன்."

"நீ பாத்த வண்டி எல்லாம் இப்ப எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்டா மச்சான்."

சாப்பிடும்போதும் இதே பேச்சு. எந்த இன்ஜின் வேண்டுமென்று ஓட்டுகிறவளைக் கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மூன்றாவது நாள் அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. ஓட்டப்போறவ நான். ஓட்டிப் பாத்துட்டு நான் சொல்றேன்."

அந்த இன்ஜின்களை இன்னும் கழற்றவில்லை, துருப்பிடித்த இரண்டு டேங்கர் லாரிகளுக்குள்ளேயே இருந்ததால் அது சுலபமாகப் போயிற்று. மெக்கானிக் லோடுக்காக இரண்டு லாரியின் டேங்கிலும் ஒரே அளவு தண்ணீர் நிரப்பினான். ஆஸ்பத்திரி மேட்டில் ஏறி இறங்கி, பட்டறைக்குத் திரும்பி, நின்ற இடத்தில் அவளுடைய பம்ப்பை மாட்டி ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு.

முதலில் பெட்ரோல். புருஷன் வழக்கம்போல் பக்கத்தில் ஏறிக்கொண்டார், தம்பி டாக்சியில் பின்னால் வந்தான். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் கிளம்பியது. கிளம்பியதா என்றே அவளுக்குச் சந்தேகம், அவ்வளவு அமைதி. கியர் மாற்றித் தெருமுனை தாண்டியதும் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இப்ப திருப்புவா பாரு. கை காட்ட மாட்டா. மகாராணி போனா ரோடுதான் ஒதுங்கணும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புருஷன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"அட, பள்ளத்துல விட்டாச்சு. ஊர்ல எந்தப் பள்ளத்தையும் விட மாட்டா. எல்லாத்துக்கும் ஒரு மரியாதை செஞ்சுட்டுத்தான் போவா."

இத்தனை வருஷமும் பழைய இன்ஜின் போட்ட சத்தத்தில் அவர் உதடு அசைவதைப் பார்த்து அவள் தலையாட்டி வந்திருக்கிறாள். பாட்டு முணுமுணுக்கிறார் என்றல்லவா நினைத்தாள்! கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் என்னென்ன இருக்கிறதோ, வரட்டுமே.

"வெயில் மூஞ்சிலயே அடிக்குது இவளுக்கு" என்றது குரல், கொஞ்சம் இறங்கி. "கண்ணு ரெண்டும் கலங்கிப் போயிருது. ஒரு கூலிங்கிளாஸ் வாங்கித் தரலாம். தந்தா எதுக்குன்னு கேப்பா. என்னன்னு சொல்றது?"

"கறுப்புல வாங்குங்க" என்றாள் அவள்.

புருஷன் சீட்டிலேயே சிலையானார். காது மட்டும் சிவந்தது.

"கேக்குதா?"

"மகாராணிக்கு எல்லாம் கேக்குது."

அதற்குள் மேடு வந்துவிட்டது. பேச நேரமில்லை. இன்ஜின் நரம்பு புடைக்கக் கத்தியது, முதல் கியருக்கு வந்தும் நத்தை மாதிரி ஊர்ந்தது. பெட்ரோல் முள் கண்ணெதிரே சரிந்தது. இறக்கத்தில் மட்டும் வண்டியை ஓடவிடாமல் அழகாகப் பிடித்துக்கொண்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பட்டறையில் பம்ப்பை மாட்டியதும் இருமியது, இரண்டு முறை நின்றது, மறுபடி கிளப்பினால் குடியோ குடியென்று குடித்தது.

அடுத்தது டீசல். கிளம்ப அடம்பிடித்தது, தம்பி சிரித்தான். கிளம்பியதும் பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஆனால் மேட்டில் இரண்டாவது கியரிலேயே, சோம்பலாக, யாருக்கோ உபகாரம் செய்கிற மாதிரி ஏறிவிட்டது. பம்ப்பை மாட்டியபோது அதே தாளத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. போய்வந்த வழியெல்லாம் புருஷன் உதடு ஒட்டிப் போய் உட்கார்ந்திருந்தார்.

"டீசலே போடு" என்றாள் மெக்கானிக்கிடம்.

"மாமா பக்கம் சாஞ்சுட்டியேக்கா" என்று தம்பி முறுக்கிக்கொண்டான்.

"அவர் பக்கம் எவ சாஞ்சா? நம்ம வண்டி ஓடுற நேரத்தை விட நின்னு உறிஞ்சுற நேரம்தான் ஜாஸ்தி. பெட்ரோலைப் போட்டா ஊர் அழுக்கை நாம உறிஞ்சுவோம், நம்மள அது உறிஞ்சும்."

தம்பி டாக்சியைக் கிளப்பிக்கொண்டு போனான். புருஷனுக்கோ ஜெயித்த சந்தோஷமே இல்லை. ராத்திரி பாத்திரத்தைக்கூட அவரே கழுவினார். அவள் சில நாள் அவரோடு பேசவே இல்லை.

இன்ஜின் மாட்டி முடிந்து முதல் வேலைக்குக் கிளம்பினார்கள். வழக்கமான இரைச்சல். பாதி வழியில், பழக்கதோஷம், அவர் உதடு மெல்ல அசைய ஆரம்பித்தது. மேட்டின் உச்சிக்கு வந்ததும் அவள் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தாள்.

"என்னாச்சு? நின்னுடுச்சா?"

"நான்தான் நிறுத்தினேன். கீழேருந்து இது வரைக்கும் என்ன திட்டினீங்களோ, அதை இப்ப சொல்லுங்க."

அவர் சொன்னார், ஒன்றுவிடாமல். ஆட்டோவை உரசப் பார்த்தது, கிளட்சில் கால் வைத்தே ஓட்டுவது, முந்தாநாள் வரை பேசாதிருந்தது. அவள் ஸ்டீயரிங்கில் முழங்கையை ஊன்றிக் கேட்டாள்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"சரி. இப்ப நான் உங்க குழாய் போடுற லட்சணத்தச் சொல்றேன். தண்ணி பாட்டிலை எடுத்து வெச்சுக்கோங்க, நேரமாகும்."