ஒரு நாளைக்கு ஆறு

முகாமுக்கு வந்து பதினேழு நாளாகியும் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எதிரில் வந்தால் மேடம், கடந்து போனதும் ‘பச்சை மை’. தணிக்கைக்காரர்கள் பச்சை மையில்தான் குறி போட வேண்டும் என்பது விதி. பேனா மூடி கசிந்து அவளுடைய ஆள்காட்டி விரல் எப்போதும் பச்சையாக இருந்ததும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம்.

ராணுவத்தின் வேலையை ராணுவத்தைச் சேராத ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதனால் அவளை உள்ளே விட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே, தலையைக் குனிந்து நுழைய வேண்டிய ஓர் அறையும் கொடுத்தார்கள். அவள் நடந்து வந்தால் வராந்தாவில் பேச்சு நிற்கும். கேட்ட கோப்பு வரும், கேட்காத ஒரு வார்த்தை வராது. அவளும் யாரையும் குறை சொல்ல முடியாது. சோதிக்கப் போன இடத்தில் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கக் கூடாது, யாரோடும் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது என்று அவளுடைய அலுவலகம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக அவள் அதை மீறியதில்லை. மதியம் சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி மேசையில் தன் டப்பாவைத் திறந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடிப்பாள்.

தினம் மாலை ஆறரைக்கு அக்கா போன் செய்வாள்.

“எங்கடி இருக்கே?”

“சொல்லக்கூடாதுக்கா.”

“என்ன பண்றே, அதையாவது சொல்லு.”

“எண்ணிட்டு இருக்கேன்.”

“மூட்டை எண்றதுக்கு இவ்வளவு ரகசியமா? பெரிய உளவாளின்னு நெனப்பு உனக்கு” என்பாள் அக்கா. அதோடு அன்றைய பேச்சு தீர்ந்துவிடும்.

நாலாவது நாள்தான் மேஸ்திரி வந்தார். பாராசூட் மடிக்கும் கூடத்துக்கு அவர் பொறுப்பு. முப்பது வருடமாக மடித்தவர், இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு பெறுபவர். சிப்பாய்கள் வைத்த பேர் மேஸ்திரி. தட்டோடு வந்து அவளுடைய மேசைக்குப் பக்கத்து மேசையில், அவளைப் போலவே சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

“ஒரே மேசையில உக்காந்தாத்தானே தப்பு. பக்கத்து மேசைக்கு விதி இருக்கா?” என்று சுவரிடம் கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். “இல்லை.”

“அப்ப சாப்பிடு தங்கச்சி.”

“அப்படிக் கூப்பிடக்கூடாது. மேடம்னு சொல்லுங்க.”

“சரி தங்கச்சி.”

அதற்கப்புறம் தினமும் இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவருடைய மனைவி குறட்டைக்குப் பயந்து அவரை வேறு அறைக்கு மாற்றிய கதை, குதிக்கப் பயந்து வயிற்றுவலி என்று படுத்த சிப்பாய்க்கு உண்மையிலேயே குடல்வால் வெடித்த கதை எல்லாம் சுவருக்குத்தான் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மெல்லுவது அவளுக்குப் பெரிய பாடாயிருந்தது. காலையில் அறைக்குள் குனிந்து நுழையும்போதே மனது மதியத்தை எண்ணத் தொடங்கிவிடும். இதை அவள் அக்காவிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாத விஷயம் எதுவும் அதில் இல்லை, இருந்தாலும் சொல்லவில்லை.

பதினெட்டாவது நாள் மடிக்கும் கூடத்தின் முறை வந்தது.

நீளமான மேசைகள், ஓடாத மின்விசிறிகள். துணி பறக்கக் கூடாதென்று விசிறிகளின் இறக்கைகளையே கழற்றி வைத்திருந்தார்கள். பாராசூட் மடித்தே கிடந்தால் ஈரம் கோத்து மடிப்பு ஒட்டிக்கொள்ளும். நாலு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் பிரித்து, வெளியே நிற்கும் உயரமான கோபுரத்தில் ஏற்றித் தொங்கவிட்டு, காற்றாட வைத்து, மறுபடி மடிக்க வேண்டும். மடித்தவர் அதனுடைய அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். சேமிப்பு அலமாரியில் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. எல்லா அட்டையிலும் போன மாதத் தேதி, மேஸ்திரியின் குண்டுக் கையெழுத்து. ஆறே நாளில் எல்லாம் முடிந்திருந்தது. பதினாலாம் தேதி மட்டும் முப்பத்தெட்டு.

அவள் பச்சை மைப் பேனாவை மூடினாள்.

கோபுரத்தில் துணியை ஏற்றும் மோட்டார் கருகிப்போய், கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்ற வெளியே போய் இரண்டு மாதம் ஆகிறது. மின்சாரப் பிரிவின் கோப்பில் அவளே முதல் வாரம் பச்சைக் குறி போட்டிருந்தாள். மின்சாரப் பிரிவுக்காரர்கள் பாராசூட் அட்டையைப் பார்ப்பதில்லை. மடிக்கும் கூடத்துக்காரர்கள் மோட்டார் கோப்பைப் பார்ப்பதில்லை. இரண்டையும் படிக்கிற ஆள் முகாமில் அவள் ஒருத்திதான்.

மேஸ்திரி எதிரில் நின்றுகொண்டிருந்தார். அட்டைகளை அவள் மூன்றாவது முறை புரட்டியபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“மோட்டார் இல்லையே” என்றாள். பிறகு, கேட்கக் கூடாத விதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டாள். “கையால கயிறு இழுத்து ஏத்தினீங்களா?”

ஆமாம் என்று அவர் சொன்னால் போதும். கையால் இழுக்கக் கூடாதென்று எந்த விதியும் இல்லை. அவள் எழுதிக்கொண்டு அடுத்த அலமாரிக்குப் போய்விடலாம். நாளை மதியம் அவர் பக்கத்து மேசைக்கு வருவார். சொல்லிவிடட்டும் என்று அவள் அட்டையைவிட்டு நிமிராமல் காத்திருந்தாள்.

மேஸ்திரி தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“கையால இழுத்தா ஒரு நாளைக்கு ஆறு. அதுக்கு மேல தோள் கேக்காது. எட்டு ஆள் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பேர் இருக்கோம். குதிக்கிற பசங்களோடதுல ஒன்னுகூட நான் விடல, அதை எங்க வேணா சத்தியம் பண்ணுவேன். இது சும்மா அலமாரியில கெடக்கறது. நூத்துக்கு நூறு தயார்னு மேல எழுதிட்டாங்க, அதுக்கு ஏத்த மாதிரி அட்டை வேணும்னாங்க. போட்டேன்.”

“அலமாரியில கெடக்கறது எப்பவும் அலமாரியிலயே கெடக்குமா?”

“கெடக்காது” என்றார் அவர். “ஆள் கேட்டு மூணு தடவை எழுதினேன். கோப்புல தேடாதீங்க, இருக்காது.”

அன்று சாயங்காலம் பெரிய அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். இருக்கையில் உட்காரச் சொன்னதே அன்றுதான் முதல் தடவை.

“ஒரு ஆள் செஞ்ச தப்பு. அந்த ஆளைக் குறிப்பிட்டு எழுதுங்க, நாங்க நடவடிக்கை எடுக்கறோம். உங்களுக்கும் வேலை முடிஞ்சுது. எதுக்கு இழுத்துக்கிட்டு?”

“பாத்து எழுதறேன் சார்” என்று எழுந்து வந்தாள்.

மறுநாள் முழுக்க அவள் தபால் பதிவேட்டோடு உட்கார்ந்தாள். கடிதத்தைக் கிழித்துவிடலாம். ஆனால் அது போன நாளில் தபால் குமாஸ்தா ஒரு வரி எழுதியிருப்பான். அதற்கு மேலும் கீழும் வேறு வரிகள் இருக்கும், அதைப் பிடுங்க முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில் மூன்றும் கிடைத்தன. மூன்றுக்கு எதிரேயும் ‘கூடுதல் மடிப்பாளர் கோரிக்கை’ என்று ஒரே கிறுக்கல் எழுத்து. பதில் வந்ததற்கான கட்டம் காலி.

அவள் இரண்டையும் எழுதினாள். பிரிக்காத இருநூற்றுப் பன்னிரண்டைப் பிரித்ததாக மடிக்கும் கூடத்தின் பொறுப்பாளர் கையெழுத்திட்டார் என்று ஒரு பத்தி. அவர் ஆள் கேட்டு மூன்று தேதிகளில் எழுதியதற்குப் பதில் இல்லை, கடிதங்களும் கோப்பில் இல்லை, தயார்நிலை அறிக்கை உண்மையல்ல என்று இன்னொரு பத்தி. முதல் பத்தியை எழுதும்போது பேனா இரண்டு தடவை நின்றது. மை தீர்ந்துவிட்டதோ என்று உதறிப் பார்த்தாள். தீரவில்லை.

குறிப்பின் நகலைச் சம்பந்தப்பட்டவர் படித்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதித்தர வேண்டும். மேஸ்திரி மடிக்கும் மேசையில் தாளை விரித்து, ஓரத்தைத் துணி மாதிரி நீவிவிட்டுக்கொண்டே படித்தார்.

“என் கையெழுத்தை மட்டும் எழுதியிருந்தா என்னோட முடிஞ்சிருக்கும். திட்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கடுதாசியையும் கிளறிட்டீங்க. இனி எட்டு மாசமும் மேல இருக்கற அத்தனை பேருக்கும் நான் வேண்டாதவன்.”

“உங்க தலையில மட்டும் கட்டிட்டு அவங்க கை கழுவறதுக்கு நான் எழுதித் தரணுமா?”

“நான் கேட்டேனா?”

அவர் கையெழுத்துப் போட்டார். அதே குண்டுக் கையெழுத்து.

“வேற ஏதாவது இருக்கா மேடம்?”

பதினைந்து நாளாக அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லி அவரைத் திருத்திக்கொண்டிருந்தவள் அவள்தான்.

“இல்ல” என்றாள்.

மறுநாள் மதியம் பக்கத்து மேசை காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும். மேஸ்திரி கூடத்தின் மறுகோடியில், வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். அங்கேயும் அவரோடு யாரும் உட்காரவில்லை. அவள் டப்பாவில் இருந்ததில் பாதியைச் சாப்பிடாமலே மூடி எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

இருபத்தைந்தாம் நாள் வேலை முடிந்தது. பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வாசல் காவலாளி அவளுடைய பையைக் கொட்டிச் சோதித்துக்கொண்டிருந்தபோது அவள் திரும்பிப் பார்த்தாள்.

கோபுரத்தில் துணி ஏறிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தம் இல்லை. நாலு புது ஆட்கள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். முன்னால் நின்று மேஸ்திரி குரல் கொடுக்க, வெள்ளைத் துணி ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழம் எழும்பியது. மேலே ஏற்கெனவே தொங்கியவை காற்றில் லேசாக வயிறு புடைத்துச் சுருங்கின. பழக்க தோஷம், அவள் எண்ணினாள். ஒருமுறை எண்ணியதை நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கயிறு கையில் இருக்கும்போது யாரும் திரும்ப மாட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வண்டி பெரிய சாலைக்கு ஏறியபோது ஆறரை மணி. போன் அடித்தது.

“எங்கடி இருக்கே?”

“சொல்லக்கூடாதுக்கா.”

“சரி, சொல்லாதே. சாப்பிட்டியா?”

“பதினொன்னுக்கா.”

“என்னது பதினொன்னு?”

பச்சை விரலால் அவள் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். கோபுரம் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது.

“ஒன்னுமில்ல. நீ சாப்பிட்டியா?” என்றாள்.