அண்ணன் கொடுத்த கோழி

நாற்பத்தாறு வருஷத்தில் தையல்காரிக்கு அவளுடைய அண்ணன் கொடுத்த முதல் பொருள் ஒரு கோழி. அதற்கு முன் கொடுத்ததெல்லாம் அறிவுரை. அதை வாங்கி வைக்க வீட்டில் இடம் தேவைப்பட்டதில்லை.

அண்ணன் லேசுப்பட்ட ஆளில்லை. ஓய்வுபெற்ற பதிவாளர், வீட்டுக்கோழி வளர்ப்போர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் மொத்தம் இருபத்திரண்டு பேர், அதில் ஒன்பது பேர் துணைத்தலைவர்கள். கூட்டத்தில் புதுக்கோழியைச் சேர்ப்பது எப்படி என்று முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கையேடும் எழுதியிருக்கிறார். முதல் பதினோரு பக்கம் ஆசிரியரைப் பற்றியது. பன்னிரண்டாம் பக்கத்தில்தான் கோழி வருகிறது.

அந்தப் பக்கம் தையல்காரிக்கு மனப்பாடம். புதிதாக வரும் கோழி எவ்வளவு உயர்ந்த இடத்திலிருந்து வந்தாலும் முப்பது நாள் தனி இடத்தில், தனித் தண்ணீர், தனித் தீனியோடு இருக்க வேண்டும். ஆகவே அண்ணன் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு கொல்லைப்பக்கம் வந்து நின்றபோது அவள் தயாராக இருந்தாள்.

"முன்பக்க ஷெட்டைக் கழுவி வச்சிருக்கேண்ணே. ஒரு மாசம் அங்க இருக்கட்டும்."

அண்ணன் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார். "இது யாரு வீட்டுக் கோழி?"

"உங்க வீட்டுக் கோழிதான்."

"என் கோழியைத் தள்ளி வைப்பியா? அந்தப் புத்தகம் ஊருக்கு எழுதினதும்மா. நாளைக்கு நானே உன் வீட்டுக்கு வந்தா என்னையும் ஷெட்லதான் படுக்க வைப்பியா? என் கூட்டத்துலயே ராணி இது. மத்ததையெல்லாம் தகுதியான குடும்பங்களுக்குக் கொடுத்துட்டு, உனக்குன்னு பொறுக்கி எடுத்து வச்சேன்."

தங்கைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உறவுக்காரர் கொடுத்த பாலை முகர்ந்து பார்த்தாலே பேச்சுவார்த்தை நின்றுபோகும் குடும்பம் அது. அதில் பிறந்துவிட்டு, அண்ணன் வீட்டுக் கோழிக்கு நோய் இருக்குமோ என்று கேட்கலாமா? கோழி அன்றைக்கே கொல்லைக்குள் போனது.

அங்கே ஏற்கெனவே ஐந்து இருந்தன. அவற்றில் மேனேஜர் என்று பேரெடுத்த கறுப்புக் கோழி, தான் தின்னாவிட்டாலும் மற்றவை தின்பதைத் தடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கும். புதியவள் செந்நிறம், ஒடுங்கின உடம்பு. மேனேஜர் கழுத்தை நீட்டி ஒருமுறை பார்த்ததிலேயே அவள் மூலைக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டாம் பக்கத்தை விட்டுவிட்டோமே என்ற உறுத்தலில், தையல்காரி பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து ஒரு எழுத்துகூட விடவில்லை. நடுவே கம்பிவலை கட்டி, ஒரு வாரம் பார்க்கலாம், கொத்த முடியாது என்று வைத்தாள். மேனேஜரால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் காவல் நிற்க முடியாது என்பதால் தீனித் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் இரண்டிரண்டாயின. ஓடி ஒளிய, சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தாள். எட்டாம் நாள் வலையை எடுத்துவிட்டு, பொத்தான் காஜா எடுக்க வேண்டிய சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் கொல்லையிலேயே உட்கார்ந்தாள். பொழுது சாயும்போது புதியவளைத் தூக்கி, மற்றவை அடைந்திருக்கும் கழியின் ஓரத்தில் உட்கார வைத்தாள்.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்ததும் கொல்லை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்.

"என்ன, மருமகளுக்கு இன்னும் சோறு போடலையா மாமியாருங்க?"

"சும்மா இருங்க. இன்னிக்கு ரெண்டே கொத்துதான்."

"நம்ம கல்யாணத்தப்போ உனக்கு இப்படி யாராவது பலகை சாய்ச்சு வச்சாங்களா?"

"உங்க அம்மாகிட்டருந்து ஒளிய பலகை பத்தாது."

பன்னிரண்டாம் நாள் ஆறும் ஒரே தட்டில் கொத்தித் தின்றன. மேனேஜர் புதியவளின் தலைக்கு மேலாக அலகை ஓங்கியது. பிறகு என்ன நினைத்ததோ, சோளத்தில் இறக்கியது. தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"சேர்ந்துடுச்சுண்ணே! ஒண்ணா திங்குதுங்க!"

"எல்லாம் நல்லா இருக்குல்ல? மத்ததுங்களும்?"

மற்ற கோழிகளைப் பற்றிக்கூட விசாரிக்கிறாரே என்று அன்று முழுக்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தைத்துக் கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் சொன்னாள்.

பதினைந்தாம் நாள் மேனேஜர் தும்மியது.

அடுத்த நாள் அதன் முகம் வீங்கி, மூச்சு கொர்கொர் என்று இழுத்தது. தும்மிய நாலாம் நாள் மேனேஜர் போனது. அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு போயின. செந்நிறக்காரி மட்டும் ஒரு தும்மல்கூட இல்லாமல், போட்டிக்கு ஆளில்லாத தட்டுகளில் மாறி மாறித் தின்றுகொண்டிருந்தாள்.

கால்நடை டாக்டரம்மா வந்து, மிச்சமிருந்த இரண்டின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "புதுசா ஏதாவது சேர்த்தீங்களா?"

தையல்காரி செந்நிறக்காரியைக் காட்டினாள். டாக்டரம்மா அதன் காலைத் திருப்பி, அதில் கிடந்த பச்சை வளையத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது எப்படிம்மா இங்க வந்தது? போன மாசம் சங்கத் தலைவர் வீட்ல நான்தானே வைத்தியம் பார்த்தேன்! பதினொண்ணுல பத்து போச்சு. பிழைச்சது இது ஒண்ணுதான். பார்க்க நல்லாருக்கும், ஆனா நோய் உள்ளேயே இருக்கும், சேர்ற இடத்துலெல்லாம் பரப்பும். சாகிற வரைக்கும் யார் வீட்டுக்கும் அனுப்பாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. உங்களுக்கு யாரு கொடுத்தா?"

"தெரிஞ்சவங்க" என்றாள் தையல்காரி. வாயில் அவ்வளவுதான் வந்தது.

"இனிமே இந்தக் கொல்லைக்குள்ள புதுசா ஒண்ணும் சேர்க்காதீங்க. இருக்கறதையும் வெளிய கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கையைக் கழுவினார்.

அன்று சாயங்காலமே அண்ணன் வந்தார். சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குத் தலைவர் கோட் ஒன்று அவளிடம் தைக்கக் கொடுத்திருந்தார். போட்டுப் பார்க்க வேண்டும். பாதி தைத்து, ஒரு கை ஒட்டாமல் இருந்த கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடிமுன் மேடையில் நிற்பதுபோல நின்றார். கைகளைத் தூக்கச் சொல்லிவிட்டு, தையல்காரி குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி ஒவ்வொன்றாகக் குத்தினாள். இடுப்பில் ஆறு, தோளில் நாலு, அக்குளில் இரண்டு.

கடைசி ஊசியைக் குத்திவிட்டுக் கேட்டாள். "தகுதியான குடும்பங்களுக்கு மொத்தம் எத்தனை கோழிண்ணே கொடுத்தீங்க?"

"அதெல்லாம் ஞாபகம் இல்ல. ஏம்மா?"

"பத்தா?"

அண்ணனின் கைகள் இறங்கப் பார்த்தன. அக்குளில் ஊசி குத்தியதும் மறுபடி மேலே போயின. கைது செய்யப்பட்டவர் மாதிரி நின்றார்.

"அந்த டாக்டர் சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்?"

"பச்சை வளையம் தெரிஞ்சுதே."

கண்ணாடியில் தெரிந்த தலைவரிடமிருந்து தலைவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "மனசு வரலம்மா. பத்தைப் புதைச்ச கை, பதினொண்ணாவதை அறுக்க வரல. நிஜமா சொல்றேன். அந்த ஞாயித்துக்கிழமை சங்கத்துக்காரங்க என் வீட்டைப் பார்வையிட வர்றதா இருந்தது. கூண்டே காலியா இருந்தா தானம் பண்ணிட்டேன்னு சொல்லிடலாம். ஒத்தக்கோழி நின்னா கேள்வி வருமில்ல? தலைவர் வீட்டுலயே இப்படின்னா..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வாங்கியிருப்பியா?"

"வாங்கியிருப்பேன்" என்றாள். "ஷெட்லயே வச்சு, சாகிற வரைக்கும் பாத்திருப்பேன். யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை என்பது அண்ணனுக்குத் தெரியும். உயர்த்திய கைகளோடே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி விடு. போனது மூணு கோழிதானே? விழா முடியட்டும், அஞ்சாவே வாங்கித் தர்றேன். வெளிய மட்டும் பேச்சு வந்துடக் கூடாது. என் பேரு இருக்கு பாரு." பிறகு, அந்த விஷயம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியோடு, "கோட் வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சுடுமில்ல?" என்றார்.

தையல்காரி அவருக்குப் பின்னால் போய்க் கோட்டை மெல்லக் கழற்றினாள். ஊசி எதையும் எடுக்கவில்லை. இரண்டாக மடித்து, ஒட்டாத கையையும் மிச்சத் துணியையும் மேலே வைத்து அவரிடமே நீட்டினாள்.

"என்னம்மா இது? இன்னும் தைக்கலையே?"

"வேற யார்கிட்டயாவது கொடுத்துத் தச்சுக்குங்க."

அண்ணன் இரண்டு கையாலும் மூட்டையை வாங்கிக்கொண்டார். கோபித்துக்கொள்வதா, கெஞ்சுவதா என்று தெரியாமல் வாசல்வரை போனார். படியிறங்க வசதியாக மூட்டையை நெஞ்சோடு சேர்த்து அணைக்கப் போனவரைப் பார்த்து, தையல்காரிக்குத் தன்னையறியாமல் வாய் திறந்தது.

"பாத்துண்ணே, உள்ள ஊசி இருக்கு."

சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியபோது சொல்லி முடித்திருந்தாள். அண்ணன் மூட்டையை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தெருவில் பத்திரமாக நடந்து போனார்.