நடு ஆறும் ஓர ஆறும்

விட்ட படிப்பை நாற்பத்தொரு வயதில் முடித்துவிடலாம் என்று எங்கள் ஆற்றங்கரை ஊரான நௌதாவில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூடவே என் கணவரின் தம்பி வில்டரும் வந்தான். மரன்யோன் ஆற்றில் மோட்டார் படகு ஓட்டுகிறவன். டீச்சர் யெசேனியா எங்கள் இருவரையும்விடச் சின்னவள். தாக்னாக்காரி, மழையே காணாத ஊர்.

அன்று பலகையில் ஒரு கணக்கு. முப்பது கிலோமீட்டர் தூரத்தை ஒரு படகு ஆற்றை எதிர்த்து மூன்று மணி நேரத்திலும், ஆற்றோடு இரண்டு மணி நேரத்திலும் கடக்கிறது. ஆற்றின் வேகம் என்ன?

"ஆத்துல கிலோமீட்டர் கல்லு நட்டது யாரு டீச்சர்?" என்றான் வில்டர். "அண்ணியோட அண்ணன் ஊருக்கு ஏற மூணு மணி, இறங்க ரெண்டு மணி. அதுதான் எனக்குத் தெரியும்."

டீச்சர் முப்பதை அழித்தாள். "தூரத்தை ஒண்ணுன்னு வச்சுக்குங்க. மணிக்கு மூணுல ஒரு பங்கு ஏறுறீங்க, பாதி இறங்குறீங்க. வித்தியாசம் ஆறுல ஒரு பங்கு. ஏறும்போது ஆறு இழுக்குது, இறங்கும்போது தள்ளுது. அப்ப அது ஆத்து வேகத்துல ரெண்டு மடங்கு."

"ஆறு மட்டும்னா பன்னெண்டுல ஒண்ணு," என்றேன். "அங்கேருந்து ஒரு கட்டையைத் தூக்கிப் போட்டா பன்னெண்டு மணி நேரத்துல இங்க வந்துரும்!"

"அதேதான் அக்கா!"

தூரமே தெரியாமல் இது எப்படித் தெரிந்தது என்று எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. கட்டை எதற்கு? அண்ணன் செகுந்தோ செவ்வாய்தோறும் வாழைத்தாரோடு தெப்பத்தில் மிதந்து வருகிறவர்தானே. வழியில் நாலு ஊரில் ஒதுங்கிக் கதை பேசுவார். போன் போட்டேன்.

"இந்தச் செவ்வா விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பி எங்கயும் நிக்காம வாண்ணே."

"யாருக்குடி உடம்பு சரியில்ல?"

"கணக்குக்குண்ணே."

செவ்வாய் சாயங்காலம் நாலரைக்கே துறைக்குப் போனேன். தெப்பம் காலி. அண்ணன் அதில் உட்கார்ந்து சுட்ட மீன் தின்றுகொண்டிருந்தார். "நிக்காம வான்னுட்டு நீ எங்கடி போன? ஒரு மணிக்கே வந்துட்டேன்."

எட்டே மணி நேரம்! அதே யோசனையில் அந்த வாரம் நான் தைத்த சட்டை ஒன்றுக்கு ஒரு கை நீளமாகிவிட்டது.

சனிக்கிழமை டீச்சர் கணக்கை மறுபடி போட்டாள். தப்பே இல்லை. பின்னால் வில்டர் சிரித்தான்.

"ஏறும்போது நான் நடுவுல போவேனா டீச்சர்? கரையை ஒட்டித்தான் போவேன். அங்க தண்ணி சோம்பேறி. இறங்கும்போதுதான் நடு ஆறு."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்னடா?"

"கணக்குல கேக்கலியே அண்ணி."

"அப்ப ரெண்டு ஆறு இருக்கு," என்றாள் டீச்சர் மெல்ல.

சாக்பீஸை நான் வாங்கினேன். தெப்பம் மிதந்தது நடுவில். அந்தத் தண்ணீருக்கு மணிக்கு எட்டில் ஒரு பங்கு. இறங்கும் வேகம் பாதி. அப்படியானால் படகின் சொந்த வேகம் எட்டில் மூன்று. நடுவிலேயே ஏறினால் மிஞ்சுவது கால் பங்கு.

"நடுவுல ஏறினா நாலு மணி நேரம்," என்றேன்.

"என் பெட்ரோல் அண்ணி!" என்று கத்தினான் வில்டர். ஆனால் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் படகோடு நின்றான்.

மூவரும் நடு ஆற்றில் ஏறினோம். கரையோரமாக மற்ற படகுகள் எங்களைத் தாண்டிப் போயின. "என்ன வில்டர், மோட்டார் தூங்குதா?" என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள். அவனுக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. ஒரு இடத்தில் பெரிய மரம் ஒன்று மிதந்து வர, ஒதுங்கி நின்று வழிவிட்டோம்.

அண்ணன் ஊர்த் துறையில் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். கிளம்பி நாலு மணி நேரம் ஆறு நிமிடம்.

"அந்த ஆறு நிமிஷம் மரத்துக்கு," என்றான் வில்டர் அவசரமாக. அப்புறம் ஈரப் பலகையில் விரலால் என்னமோ கிறுக்கிக்கொண்டே இருந்தான்.

"டீச்சர், படகோட வேகத்துல ஓரமா ஏறுற வேகத்தைக் கழிச்சா, ஓரத்துத் தண்ணிக்கு இருபத்துநாலுல ஒண்ணு. நடுத்தண்ணி ஓடுறதுல மூணுல ஒரு பங்குதான். சரியா?"

அவள் இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள். "சரி!"

எல்லாரும் ஏன் வந்திருக்கிறோம் என்று புரியாமல் அண்ணன் கரையில் நின்றார்.

"மாமா," என்று வில்டர் கூப்பிட்டான், "ஒரு தடவை ஓரமாவே மிதந்து வாங்களேன். சரியா ஒரு நாள் ஆகணும்."

"போடா கிறுக்கா," என்றார் அண்ணன். ஆனாலும் கரையோரத் தண்ணீரை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.