வராமல் நின்ற பத்து மணி

அன்று மாலை ஆறு மணி ஜெபத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, எங்கள் அக்கா, என் தம்பி, அவன் மனைவி. தாங்களும் கூட இருந்ததாகச் சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் இருக்கவில்லை.

அந்த ஜெபம் எங்கள் அப்பா வைத்துப் போன ஒழுங்கு. கண் விழித்ததிலிருந்து மணி மணியாக அந்த நாளை ஆண்டவரோடு உட்கார்ந்து திரும்பிப் பார்க்க வேண்டும். முதலில் நன்றி. பிறகு, எங்கே அவரை விட்டு விலகினோம் என்று பார்ப்பது. கால் மணி நேரம் மௌனம். சொல்ல ஏதாவது இருந்தால் வாய்விட்டுச் சொல்லலாம். நான் சபையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மூப்பர். எனக்குச் சொல்ல எதுவும் இருந்ததில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அன்று அவன்தான் மௌனத்தைக் கலைத்தான்.

“பத்து மணி வரலை.”

“வரலைன்னா?” என்றாள் அவன் மனைவி.

“ஒன்பது இருக்கு. மெஷின் ரூமுக்கு ஏறினேன், பிரேக்குக்குப் புது லைனிங் போட்டேன். பதினொண்ணும் இருக்கு, வாட்ச்மேன் டீ கொடுத்தாரு. நடுவுல ஒண்ணுமே இல்ல.”

“தூங்கியிருப்ப,” என்றாள் அக்கா.

“அங்க தூங்கினா நேரா ஆண்டவர்கிட்டதான்க்கா முழிப்பேன்.”

நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்காமல் மறுபடி கண்ணை மூடினான். “அந்த ஒரு மணி நேரத்தைக் காட்டுங்க ஆண்டவரே. எப்படி இருந்தாலும் பார்க்கிறேன்.”

சிறிது நேரத்தில் அவனுடைய வலது கை மடியிலிருந்து எழுந்து, காற்றில் எதையோ இறுக்கியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு பாதியில் நின்றது. அந்த அறையில் ஆறாவதாக ஒருவர் இருந்தார் என்பதை வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

“போன் வந்துச்சு,” என்றான். “பிரேக் நட்டு கழலாம இருக்க மேல இன்னொரு நட்டு போடணும். அதை ஜன்னல்ல வச்சிட்டுப் பேசினேன். பேசி முடிச்சப்போ மனசு சரியில்ல. அப்படியே லிஃப்டை ஓட விட்டுட்டு இறங்கிட்டேன்.”

யார் போன் செய்தது என்று அவன் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. செய்தது நான். சபையின் கல்வெட்டில் அப்பாவின் பெயரை இரண்டாவதாகப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கமிட்டியில் இருந்துகொண்டு நீ என்ன செய்கிறாய் என்று அவனைத் திட்டித் தீர்த்திருந்தேன்.

அவன் கைபேசியை எடுத்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“முதல்ல போய்ப் பார்ப்போம். ஒண்ணும் இல்லேன்னா ஊருக்கெல்லாம் ஏன் சொல்லணும்? நம்ம குடும்பப் பேரு.”

“எல்லாரும் வேலை முடிஞ்சு வீட்டுக்குத் திரும்புற நேரம் அண்ணா. பிள்ளைங்களோட ஏறுவாங்க.” என் விரல்களைப் பொறுமையாக விலக்கி, அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மேலாளரை அழைத்தான். “சார், லிஃப்டை உடனே நிறுத்துங்க. உள்ள ஆள் இல்லைன்னு பார்த்துட்டு நிறுத்துங்க. தப்பு என்னோடது.”

அவனோடு நானும் போனேன். மூச்சு வாங்க ஒன்பது மாடி ஏறினோம். மெஷின் ரூம் ஜன்னல் விளிம்பில் அந்த நட்டு இருந்தது. பிரேக்கில் இருந்த நட்டு, நாள் முழுக்க அதிர்ந்து அதிர்ந்து, மரையின் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தது. தம்பி ஒரு விரலால் தொட்டான். அது சுழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது.

எத்தனையோ முறை முழங்காலில் நின்றிருக்கிறேன், நானாக. அன்றுதான் கால்கள் தாமாக மடிந்தன. கிரீஸ் படிந்த அந்தத் தரையில், என் பத்து மணியை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து மண்டியிட்டான்.

வேலை நேரத்தில் அவன் யாரோ ஒரு பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்தான் என்று சபையில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. பேசியது அவனுடைய அண்ணன். இருபது நிமிடம்.