என் பக்கத்துப் பொத்தான்கள்

புது வீடியோ விளையாட்டு வெளியான அன்றே இணைய ரசிகர் குழுவில் நான் எழுதித் தீர்த்துவிட்டேன். சண்டையை இப்படிச் சப்பென்று ஆக்கியவர்கள் கன்ட்ரோலரைத் தொட்டே பார்த்ததில்லை போலிருக்கிறது, ஒரு விரல் இருந்தால் போதும், கதையும் அதே லட்சணம்தான் என்று. எழுநூறு பேர் ஆமாம் போட்டார்கள். என் வயிற்றெரிச்சல் எதற்கு என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அண்ணன் அச்சகத்தில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தவன். ஆறு வருடங்களுக்கு முன் அந்த இயந்திரம் அவன் வலது கையின் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் வாயே திறக்கவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய விளையாட்டைப் போட்டுவிட்டு, கன்ட்ரோலரின் இடது பாதியை அவன் கையில் வைத்தேன். வலது பாதியை நான் பிடித்துக்கொண்டேன். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தால்தான் அது நடக்கும்.

நகர்வதும் தடுப்பதும் அவன் பக்கம். வாள் வீசுவது என் பக்கம். எதிரியின் குதிகால் எழும்போது தடுக்க வேண்டும், தடுத்த மறுநொடி வீச வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஆள் காலி. அதனால் தடுக்கும்போது அவன் "ம்" என்பான், நான் வீசுவேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு நாங்கள் கேட்ட முதல் சத்தம் அந்த "ம்"தான். ஆறு மாதத்தில் அது, "தூங்குறியா பாப்பா? லென்ஸ் தேய்ச்சுத் தேய்ச்சு உன் கண்ணே போச்சு" என்று ஆனது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது என் பிழைப்பு. முப்பது வயதிலும் நான் அவனுக்குப் பாப்பாதான். அவன் என்னைத் திட்டிய அன்று அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள்.

அந்த விளையாட்டையே புதிதாகச் செய்து வெளியிடுகிறார்கள் என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய விளையாட்டுப் பெட்டியையும் டிஸ்க்கையும் கடையில் கொடுத்துவிட்டுப் புதுப் பெட்டி வாங்கினோம். எல்லாம் இதிலேயே இருக்குமே, பழசு எதற்கு என்று சொன்னது நான்தான். அதை இப்போது நினைத்தாலும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

முதல் நாள் சாயங்காலம் அரை மணி நேரம்தான் விளையாடினோம். இடது பக்கம் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். வீரன் தானே ஓடுகிறான், தானே தடுக்கிறான், தானே வெட்டுகிறான். பழைய கதையில் கடைசிவரை அவனோடு முதுகோடு முதுகாக நின்று சண்டை போடும் தம்பியை முதல் காட்சியிலேயே கொன்றுவிட்டார்கள். பழிவாங்கக் கிளம்ப ஒரு காரணம் வேண்டுமாம்.

"அவனைக் கொன்னுட்டா அப்புறம் என்ன கதை மிச்சம்?" என்றேன். என் விரல்களுக்கு வேலையே இல்லை. எழுந்து போய்க் குழுவில் திட்டித் தீர்க்க உட்கார்ந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"முடிச்சிட்டியா?"

"ம். ஒத்தக் கையிலயே."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "நல்லதுதானே அண்ணா. யாரையும் எதிர்பார்க்க வேண்டாமே."

"நான் எங்க முடிச்சேன்? அவனே முடிச்சுக்கிட்டான்." கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, "பழசு திரும்பக் கிடைக்குமான்னு கேட்டியா?" என்றான்.

பழசைக் கொடுத்த கடைக்கு மதியமே போய்விட்டு வந்திருந்தேன். "வித்துட்டாங்களாம். அந்தப் பெட்டி இப்ப வர்றதே இல்லையாம்."

அவன் விளையாட்டை முதலிலிருந்து போட்டு, கன்ட்ரோலரை என் பக்கம் நகர்த்தினான். "உன் பக்கம் பிடி."

பழையபடி ஒட்டி உட்கார்ந்து பிடித்தேன். எதிரி வந்தான். குதிகால் எழுந்தது. அண்ணன் "ம்" என்றான். நான் அழுத்தினேன். வீரன் அதற்கு முன்பே வெட்டி முடித்திருந்தான்.

அடுத்த எதிரி வந்தான். இந்த முறை அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.