பிள்ளைக் காம்பராவுக்கு எத்தனை நிமிஷம்

கந்தப்பளைக்கு மேலே, மேகமே மூச்சு வாங்கி உட்காரும் உயரத்தில் இருந்தது எங்கள் தோட்டம். அங்கிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். இரண்டாவது ஆளும் நானே. முதல் தடவை பயந்துபோய்க் கம்பளையில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியாரான என் அப்பா அந்தோனிமுத்து பெட்டியை மறுபடி கட்டிக் கொடுத்து, "லோரன்சு, இந்தத் தடவ கம்பளை வந்தா கண்ண மூடிக்க, பேராதெனில தொற" என்றார். அப்படியே செய்தேன். மூன்று வருஷம் கண்ணை மூடவே இல்லை, அவ்வளவு படிப்பு.

1962 கடைசியில் எங்கள் துறையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மூன்று பேருக்கு மட்டும் ஒரு விரிவுரையாளரின் மேற்பார்வையில் தனி ஆய்வு செய்ய இடம். எனக்கு வாய்த்தவர் கலாநிதி அருளம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மூக்குக் கண்ணாடியின் தடிப்புக்கு, அதன் வழியே பார்த்தால் அடுத்த வருஷத்து வினாத்தாள்கூடத் தெரியும் என்று நாங்கள் நம்பினோம்.

"என்ன செய்யப் போறீர்?" என்றார்.

"தோட்டத்துத் தாய்மார் சார். மலையில கொழுந்து எடுக்கிறவங்க, புள்ளைக்குப் பால் குடுக்கப் போய் வர ஆகுற நேரம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான்.

"நல்ல கேள்வி ஐசே. முதல்ல திட்டத்தை எழுதிக் கொண்டு வாரும். என்ன கேள்வி, எந்த இடம், ஆரிட்டக் கேப்பீர், எப்பிடி அளப்பீர். நாலும் வேணும். தோட்டத்துத் துரையின்ர அனுமதிக் கடிதமும் வேணும். இன்னொண்டு, ஆக்களின்ர பேரை ஒரு இடத்திலயும் போடாதேயும். தாய் ஒண்டு, தாய் ரெண்டு எண்டு போட்டாக் காணும். விளங்குதோ?"

விளங்கியது என்று தலையாட்டினேன்.

இந்தக் கேள்வி என்னுடையது இல்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே நாலாம் லயத்து வீட்டு வரிசையில், ஏழாம் காம்பரா என்ற ஒற்றை அறையில் இருந்த சண்முகவடிவு அக்காவினுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அப்பாவிடம் ஒன்றாகப் படித்தோம். நான் ஒரு கணக்கைப் படித்து முடிப்பதற்குள் அவள் அதன் விடையைச் சொல்லி, அப்பாவின் தப்பையும் திருத்திவிடுவாள். பத்து வயதில் அவளைக் கொழுந்துக்கு அனுப்பிவிட்டார்கள். வகுப்பில் முதலிடம் எனக்கு வந்தது.

அவளுடைய மூத்த பிள்ளை மூன்று மாதத்தில் இறந்துபோனது. இப்போது இரண்டாவது, நாலு மாதம். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, கீழே தொழிற்சாலைக்குப் பக்கத்தில். அவள் கொழுந்து எடுப்பது மேல்மலையில். அந்த ஏற்றத்தில் ஏறினால் ஆடுகூடப் பாதியில் நின்று மனம் திரும்பும். மேல்மலையில் இன்னொரு பிள்ளைக் காம்பரா கட்ட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மார்கழி விடுமுறையில் அவள் காம்பராவில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். என் கைக்கடிகாரத்தை அவளிடம் கொடுத்திருந்தேன். ஆறு நாள் அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"எழுது தம்பி. எறங்க இருவத்திரெண்டு நிமிசம். ஏற இருவத்தெட்டு."

"அம்பது ஆச்சு. எவ்வளவு நேரம் விடுறாங்க?"

"அரைமணி. அதத் தாண்டுனா, மலையில நின்னு வேலைய மேல்பாக்குற கண்டாக்கு அரப்பேர் போட்டுடுவாரு. அர நாள் சம்பளம் போச்சு."

"அப்ப பால் குடிக்க எத்தன நிமிசம் மிச்சம்க்கா?"

"கணக்குப்படி நான் கீழ போய்ச் சேரையிலயே அவன் குடிச்சு முடிச்சு இருவது நிமிசம் ஆயிருக்கணும்." சிரித்தாள். மடியில் கிடந்தவனைப் பார்த்து, "என்னடா, குடிச்சியா?" என்றாள்.

தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து மூலையில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அவள் புருஷன் செல்லசாமி. "இதெல்லாம் தொரைக்குத் தெரியாதா? இத எழுதப் பல்கலக்கழகம் வேற வேணுமாக்கும்" என்றார்.

"தெரிஞ்சிருந்தாலும் அளந்து எழுதுனா மறுக்க முடியாதுல்ல" என்றாள் அவள்.

அருளம்பலம் கேட்ட நாலையும் அவள்தான் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். மொத்தம் பதினாறு தாய்மார். ஒரே நாளில் எல்லோரையும் அளக்கக் கூடாது, மழை நாளையும் வெயில் நாளையும் தனித்தனியாக எழுத வேண்டும், பிள்ளையின் எடையை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். எல்லாம் அவள் யோசனை. அதைப் படித்த அருளம்பலம், "இப்பிடி முறையா ஒரு திட்டம் நான் லண்டனிலயும் காணேல்லை" என்றார். அவர் அவ்வளவு சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "பரவாயில்லை" என்றார். அவருடைய பரவாயில்லைக்கு அதுதான் அர்த்தம்.

அடுத்தது துரைக்குக் கடிதம். தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஒன்று தெரியும். கூரைத் தகரம் ஒழுகினாலும் சரி, கல்யாணத்துக்கு லீவு கேட்டாலும் சரி, துரைக்குப் போகிற தாள் பெயர், டிவிஷன், லய நம்பர், காம்பரா நம்பர் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அது இல்லாத தாளில் ஆபீஸ் கிளாக்கர் வெற்றிலை மடித்துக்கொள்வார். என் கடிதத்தில் அந்த நம்பர்கள் இல்லையென்றால் துரை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரே! அருளம்பலம் பெயர் வேண்டாம் என்றது திட்டத்துக்குத்தானே, கடிதத்துக்கு இல்லையே என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

எழுதினேன். இரண்டாம் டிவிஷன், நாலாம் லயம், ஏழாம் காம்பரா, மிஸஸ் சண்முகவடிவு செல்லசாமி. ஆறு நாள் நேரம் அளந்து உதவியவர் என்றும் பெருமையாகச் சேர்த்தேன். அவள் பெயரை யாரும் தட்டச்சில் அடித்தது அதுதான் முதல் தடவை. மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன். தட்டச்சு மை காயத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன.

மாசி மாதம் துரையின் பதில் வந்தது. வழுவழுப்பான தாள். ஆய்வுக்கு அனுமதி தருவதில் மகிழ்ச்சி என்றிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தில் மகாவலி ஆறு கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. மூன்று இடத்தில் ஓர் இடம் எனக்கு உறுதியானது. அந்த வாரக் கடைசியிலேயே ரயிலேறினேன்.

ஏழாம் காம்பராவில் பூட்டுத் தொங்கியது.

அப்பா பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார்.

"வேலைய விட்டு நிறுத்திப் பத்துச்சீட்டுக் குடுத்து அனுப்பிட்டாங்கடா. வேலை நேரத்துல வேற வேலை பாத்தாளாம். பொஞ்சாதிக்குச் சீட்டுன்னா புருசனுக்கும் சேத்துத்தான். வேல போனா காம்பராவும் போச்சு."

"தொர அனுமதி குடுத்திருக்காரேப்பா..."

"ஒனக்குக் குடுத்திருக்காரு."

"சங்கம் ஒண்ணும் சொல்லலையா?"

"விசாரணை வப்பாங்களாம். பிரஜாவுரிமையும் ஓட்டும் இல்லாத சனத்துக்கு விசாரணை எப்ப வரும்?" கைக்கடிகாரத்தை என் கையில் வைத்தார். "குடுத்துட்டுப் போனா. நேரம் சரியா ஓடுதான்னு பாக்கச் சொன்னா." "வாத்தியார் மகன்னு ஒன் மேல கை வைக்க மாட்டாங்க லோரன்சு. நீ அவ பேரத்தான எழுதியிருந்த."

சீட்டில் வேறென்ன எழுதியிருந்ததோ, பக்கத்துத் தோட்டங்கள் ஒன்றிலும் அவர்களை எடுக்கவில்லை. சிவனொளிபாதமலைக்குச் சனம் வருகிற காலம், மலையடிவாரத்து நல்லதண்ணியில் கடைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போயிருக்கிறார்கள். ஹட்டன் போய் பஸ் ஏறினேன். பாதையோரம் ஒரு தேநீர்க் கடையின் பின்பக்கத்தில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தேயிலைப் பெட்டியில் சாக்கு விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தாள்.

"வா தம்பி. பாஸாயிருச்சா?"

"நாந்தான்க்கா பேர எழுதுனேன். சார் வேணாம்னாரு. நான் எழுதிட்டேன்."

"தெரியும். ஆபீசுல நிக்க வச்சு வாசிச்சாங்க." ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "மிசிஸ்னு போட்டிருந்தியாமே?"

"ஆமாக்கா."

"கண்டாக்கு அத மட்டும் ரெண்டு தடவ வாசிச்சுச் சிரிச்சாரு."

பிள்ளை சிணுங்கியது. எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "இங்க நட இல்ல. கையெட்டுற தூரந்தான். நெனச்சப்ப குடுக்கலாம்." அது வாயை எடுத்துவிட்டு அழுதது. "பால்தான் இல்ல தம்பி."

செல்லசாமி விறகோடு வந்தார். என்னைப் பார்த்தார். விறகை இறக்கிவிட்டு மறுபடி போனார்.

பேராதனைக்குத் திரும்பி அருளம்பலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் திட்டத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"வேற தோட்டம் பாக்கலாம். தாய்மார் எங்கயும் இருக்கினம். பேர் மட்டும் வேண்டாம்."

"வேணாம் சார். தலைப்ப மாத்துறேன்."

"என்ன?"

"தொழிற்சாலையில மழை எழுதுற புத்தகம் இருக்கு சார். இருவது வருசத்து மழை."

"மழையோ?" என்றார். பிறகு, "சரி, மழையை எழுதும்" என்றார்.

எழுதினேன். துரை புத்தகத்தைச் சந்தோஷமாகக் கொடுத்தார், தேநீரும் கொடுத்தார். அந்த வருஷம் துறையிலேயே அதிகப் புள்ளி எனக்குத்தான். கந்தப்பளையில் இருபது வருஷம் பெய்த மழை, ஒரு துளி தவறாமல் அதில் இருக்கிறது.

அடுத்த வருஷம் மலை யாத்திரைக் காலம் தொடங்கியதும் நல்லதண்ணிக்குப் போனேன். அதே கடை, அதே முதலாளி. கிளாஸ் கழுவியது வேறொரு பெண்.

"சண்முகவடிவா? புள்ள தவறிப்போச்சுங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் இங்க இருக்கல. மன்னார்ப் பக்கம் போறதாச் சொன்னாங்க." முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரே தோட்டம்" என்றேன்.