கொட்டகையில் நிற்க வேண்டிய வண்டி

குளிர்காலத்தில் சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கனடாவின் வின்னிபெக் நகரத்துப் பனியில் முப்பது வருடம் சைக்கிள் மிதித்த கார்னிக்கு அது வேதவாக்கு. கொட்டகையில் விறைத்துக் கிடந்தால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. வண்டியில் அப்பியிருக்கும் பனி வீட்டுக் கதகதப்பில் உருகி, பின்சக்கரத்து ஃப்ரீவீலுக்குள் தண்ணீர் இறங்கினால் போச்சு. மறுபடி வெளியே எடுத்ததும் உள்ளே உறைந்துவிடும். அப்புறம் பெடல்தான் சுற்றும், வண்டி நகராது.

அவன் மனைவி ஹெல்காவுக்கும் இது தெரியும். ஆனால் வருடா வருடம் இரண்டு வண்டிகளையும் குளிருக்குத் தயார் செய்தவன் அவன்தான். இந்த முறை நவம்பரிலேயே இதயம் படுத்திவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவளும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்துகொண்டிருந்தாள். திடீரென்று, நாளைக் காலை ஏழரைக்கு ஆபரேஷன் என்றார்கள். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. இந்தக் குளிரில் டாக்சியைக் கூப்பிட்டால் வந்த மாதிரிதான். உறைந்த ஆற்றின் மேல் சைக்கிளில் போனால் அரைமணி நேரம்.

சாயங்காலம் கார்னி போன் செய்தான்.

"ஆணி டயர் மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

"செயினுக்கு எண்ணெய்?"

"போட்டாச்சுப்பா. என்ன, பரீட்சை வைக்கிறியா?"

"சாக்ஸ் ஒரே ஜோடிதான், கேட்டியா? ரெண்டு போட்டு பூட்ஸுக்குள்ள திணிச்சா ரத்தம் ஓடாது, விரல் போயிடும். கன்னத்துல வாசலின் தடவிக்கோ. வண்டி எங்க நிக்குது?"

"கொட்டகையில."

பச்சைப் பொய். வண்டி அவள் முன்னாலேயே, சமையலறையில் தலைகீழாக நின்றது. கொட்டகையில் விரல் விறைத்து டயரை ஏற்ற முடியாமல் அழுதுவிட்டு, அதை உள்ளே இழுத்து வந்திருந்தாள். அக்டோபரில் அப்பிய பனிச்சேறு உருகித் தரையில் குளமாக நின்றது. பேசிக்கொண்டே ஒரு கையால் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டபடி இருந்தாள்.



"சரி, கிழவி. ஃபிளாஸ்க்ல காபி கொண்டு வா. குடிக்க விடமாட்டாங்க. மோந்தாவது பார்த்துட்டுப் போறேன்."

"போறேன்னு சொல்லாத. வாயைக் கழுவு."

விடியுமுன் கிளம்பினாள். மைனஸ் முப்பத்திநாலு. முதல் பத்து நிமிடம் ஆணி டயர் பனிக்கட்டியைக் கரகரவென்று கடித்துக்கொண்டு ஜோராகப் போயிற்று. நடு ஆற்றில் கால் சடாரென்று வழுக்கியது. பெடல் காற்றில் சுற்றுவதுபோலச் சுற்றியது.

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போனை எடுத்தால் குளிரில் அது எப்போதோ செத்திருந்தது. ஃபிளாஸ்க்கைத் திறந்து, அவனுக்கென்று போட்ட காபியைச் சக்கர நடுவில் ஊற்றினாள். ஆவி பறந்தது. பெடல் பிடித்துக்கொண்டது! இருநூறு அடி போயிருப்பாள். காபியும் உள்ளே உறைந்து, முன்னைவிட மோசமாக விட்டுவிட்டது. மீதித் தூரம் தள்ளிக்கொண்டே ஓடினாள். பனியில் எவ்வளவுதான் ஓட முடியும்? இமையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

வார்டில் நுழைந்தபோது எட்டு மணி. கட்டில் காலியாக இருந்தது. நர்ஸ் மரிடெஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழே முக்கால் வரைக்கும் சாக்கு சொல்லி நிறுத்தி வச்சேம்மா. அதுக்கு மேல விடல."

"ஏதாவது சொன்னானா?"

"சொன்னாரு. 'வண்டிய வீட்டுக்குள்ள வச்சிருக்கா, ஆத்துல தள்ளிக்கிட்டுத்தான் வருவா'ன்னாரு. நேத்து போன்ல சக்கரம் டிக்டிக்னு சுத்துற சத்தம் கேட்டுச்சாம். அப்பவே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். அவ குரல் கம்மியிருந்துச்சு, அழுதிருக்கா, அதான் விட்டுட்டேன்னாரு. 'வந்தா யாரும் திட்டாதீங்க, கால் விரலை மட்டும் பாருங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

ஹெல்கா பூட்ஸைக் கழற்ற மாட்டேன் என்றாள். அவனே வந்து பார்க்கட்டும் என்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்றரைக்கு டாக்டர் வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறக்குமுன் குனிந்து பூட்ஸைக் கழற்றினாள். ஒரே ஜோடி சாக்ஸ். அதையும் உருவினாள். பத்து விரலும் நன்றாகவே இருந்தன.